உப்புத் தண்ணீர் ஊரில் வழுக்காத பாத்ரூம்

மதுரைப் பக்கம் போர் தண்ணீரில் குளிக்கும் வீடு என்றால், குளிக்கும் இடத்து டைல்ஸை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக ஒரு பிசுக்கு நகக்கண்ணில் ஏறும். உப்பு படிந்திருக்கிறது என்பார்கள். அது பாதிதான் சரி. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத ஒரு பசையாக மாறித் தரையில் உட்கார்ந்துவிடுகின்றன. காய்ந்த தரையில் அது கண்ணுக்கே தெரியாது. ஒரு கப் தண்ணீர் பட்டதும் கால் வழுக்கும்.

வீட்டில் அப்பத்தாவோ தாத்தாவோ வழுக்கி விழுவதற்கும், அந்த வீட்டிலிருந்து வெளியேறும் தண்ணீர் மண்ணைக் கெடுப்பதற்கும் பெரும்பாலும் இந்த ஒரே பிசுக்குதான் காரணம். வழுக்குகிறது என்று ஆசிட் ஊற்றுகிறோம். ஆசிட் டைல்ஸின் பளபளப்பை அரிக்கிறது. அரித்த இடத்தில் அழுக்கு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. மறுபடி ஆசிட். பாதுகாப்பு வேறு, சுற்றுச்சூழல் வேறு என்று இரண்டு செலவாகப் பார்க்க வேண்டியதில்லை. பிசுக்கைச் சமாளித்தால் இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்கும்.

முதலில் உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி அளவு போர் தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் மழைத் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீரை வைத்து அதேபோல் செய்யுங்கள். மழைத் தண்ணீரில் நுரை நிற்கும். போர் தண்ணீர் கடினமானதாக இருந்தால் அதில் நுரை அடங்கி, திரிதிரியாகத் தயிர் மாதிரி மிதக்கும். எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் லேபில் கொடுத்துக் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கிறது. கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். கடினத்தன்மையை அது தனியாகச் சொல்லாது.

ஆசிட் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இங்கே பழக்கமாகவே ஆகிவிட்டது. தெருவில் விற்கும் ஆசிட்டும், கடையில் வாங்கும் டாய்லெட் கிளீனர்களில் பலவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் வெள்ளை சிமென்டை அது கரைக்கிறது. அந்த வழியாக இறங்கும் தண்ணீர்தான் கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரக்கறையாகத் தெரிகிறது. அதன் புகை ஸ்டீல் கைப்பிடி, கதவுக் கீல், தரை ஜாலி எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீட்டில் நேராக செப்டிக் டேங்கில் போய், கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவைக் கொல்லும். டேங்க் சீக்கிரம் நிரம்பும், நாற்றம் எடுக்கும்.

இதைவிட உடனடி ஆபத்து கலப்பது. ஆசிட் ஊற்றிய தரையில் பளிச்சென்று ஆகட்டும் என்று பிளீச்சிங் பவுடரும் தூவுகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சின்ன பாத்ரூமில் சில நிமிடத்திலேயே மூச்சுத் திணறும், நுரையீரல் வெந்துபோகும். தெரியாமல் கலந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவ உள்ளே நிற்காதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, கதவைத் திறந்தபடி விட்டு விலகிவிடுங்கள். இருமல் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆசிட்டைப் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளைகள் அதைத் தாகத்துக்கு எடுத்துவிடுவார்கள்.

அப்படியானால் எதைக்கொண்டு கழுவுவது? பழைய படிவுக்கு சிட்ரிக் ஆசிட் போதும். பலசரக்குக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி கரைத்து, தரையில் ஊற்றி 20 நிமிடம் விட்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். ரொம்ப நாள் படிவாக இருந்தால் ஒரே நாளில் போகாது. வாரத்துக்கு ஒரு முறையாக மூன்று நான்கு தடவை செய்யுங்கள். அரை மணிக்கு மேல் ஊற விடாதீர்கள். இதுவும் அமிலம்தான், சிமென்ட் இடுக்கை மெதுவாகக் கரைக்கும். பிளீச்சிங் பவுடரோடு இதையும் சேர்க்கக் கூடாது. கடப்பா கல், மார்பிள் தரையில் எந்த அமிலமும் வேண்டாம், புளி கூட வேண்டாம். அந்தக் கற்களே சுண்ணாம்பு இனம். மேல்பரப்பு அரிந்து சொரசொரவென்று ஆகி, அழுக்குப் பிடிக்கும்.

படிவு மறுபடி சேராமல் தடுப்பது ஒரு ரப்பர் வைப்பர். குளித்து முடித்தவர் அவரே இரண்டு இழுப்பில் தண்ணீரைத் தள்ளிவிட்டு வர வேண்டும். தேங்கி நிற்கும் தண்ணீர் ஆவியாகும்போதுதான் உப்பு தரையிலேயே தங்குகிறது. தண்ணீரைத் தள்ளிவிட்டால் உப்பும் கூடவே போய்விடும். பாத்ரூமுக்காக வாங்கும் எந்தப் பொருளையும்விட இது அதிகம் உதவும் என்பது எங்கள் அனுபவம். வைப்பரைக் கதவுக்குப் பின்னால் மூலையில் சாத்தாமல், குளித்துத் திரும்பும்போது கை தானாகப் போகும் இடத்தில் ஆணியில் மாட்டுங்கள். அப்போதுதான் வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள்.

எண்ணெய்க் குளியல் நாளுக்குத் தனிக் கவனம் வேண்டும். நல்லெண்ணெய் தேய்த்த காலோடு பாத்ரூம் டைல்ஸில் நடப்பது சோப்புப் பிசுக்கை விடவும் மோசம். எண்ணெய் தேய்ப்பதை வெளியே, பழைய சாக்கு அல்லது வேட்டித் துணி விரித்து அதன் மேல் வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூமுக்குள் போகுமுன் உள்ளங்காலை அரப்பு அல்லது சீயக்காய்த் தூள் வைத்துத் துடைத்துவிட வேண்டும். வயதானவர்கள் நின்று குளிக்கவே வேண்டாம். 42 முதல் 45 சென்டிமீட்டர் உயரமுள்ள, கால்களில் ரப்பர் புஷ் உள்ள ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும். தாழ்வான பிளாஸ்டிக் முக்காலி எழுந்திருக்கும்போது காலை வாரிவிடும். எல்லோரும் குளித்த பிறகு அரை வாளி சுடுதண்ணீரில் 2 கரண்டி வாஷிங் சோடா கலந்து தரையைத் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்து குளிக்க வருகிறவருக்கு எண்ணெய்ப் பசை மிச்சம் இருக்கக் கூடாது. சீயக்காய்ச் சக்கை ஜாலியில் அடைத்துக்கொள்ளும், அதையும் அன்றே எடுத்துவிடுங்கள்.

தரையின் வாட்டம் சரியில்லை என்றால் வைப்பர் போட்டும் பலனில்லை. ஒரு கோலிக்குண்டைக் கதவோரம் வைத்துவிடுங்கள். அது தானாக உருண்டு ஜாலிக்குப் போக வேண்டும். நடுவில் நின்றால் அங்கே பள்ளம். கதவுப் பக்கம் திரும்பி வந்தால் கொத்தனார் வாட்டத்தை மாற்றி வைத்திருக்கிறார். 1 மீட்டருக்கு 1 முதல் 1.5 சென்டிமீட்டர் இறக்கம் போதும். அதற்கு மேல் போனால் ஸ்டூல் ஆடும், வயதானவர்களுக்கு நிலை தவறும்.

தரையை உடைத்துப் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் 30-க்கு 30 சென்டிமீட்டர் மேட் டைல்ஸ் நல்லது. சின்ன டைல்ஸில் இடுக்குகள் அதிகம், கால் பிடிக்கும், வாட்டம் கொடுப்பதும் சுலபம். இரண்டடி, நாலடி டைல்ஸை ஹாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டியில் ஆர்-11 என்று, வழுக்காத தன்மைக்கான தரக்குறி போட்டிருக்கிறதா பாருங்கள். கடைக்காரர் ஆன்டி-ஸ்கிட் என்று சொல்வதை மட்டும் நம்பாமல், ஒரு டைல்ஸைக் கீழே வைத்துச் சோப்புத் தண்ணீர் தடவி, வெறுங்காலால் நின்று தேய்த்துப் பாருங்கள். மேலூர்ப் பக்கம் கிரானைட் கிடைக்கிற ஊரில் இருக்கிறோம். நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம் ஃபினிஷ் கிரானைட்டும் நல்ல தேர்வு. அமிலத்துக்கும் எளிதில் அசையாது.

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். தரை உயர்ந்து, அறைக்கும் பாத்ரூமுக்கும் இருந்த இறக்கம் போய்விடும், தண்ணீர் அறைக்குள் வரும். உடைத்தபின் வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக, சுவரில் 30 சென்டிமீட்டர் ஏறும்படி அடிக்க வேண்டும்; குளிக்கும் பக்கத்துச் சுவரில் ஆள் உயரம். பிறகு ஜாலியைத் துணியால் அடைத்து, தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுக் கீழே கசிவு பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு இந்தச் சோதனை செய்து புண்ணியமில்லை. இடுக்குக்கு எபாக்சி கிரவுட் போடுங்கள். விலை கூடத்தான், ஆனால் தண்ணீரை உறிஞ்சாது, கருப்புப் பூஞ்சை சேர்வது குறைவு.

உடைக்க வசதியில்லாத வாடகை வீட்டுக்கு ஒட்டும் கிரிப் டேப் உண்டு. 5 சென்டிமீட்டர் அகலப் பட்டையை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒட்டலாம். ஒட்டும் முன் சிட்ரிக் ஆசிட்டால் படிவை எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். உரிந்து வருகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பிசுக்கின் மேலேயே ஒட்டியவர்கள்தான். ரப்பர் மேட் போடுகிறவர்கள் தினமும் தூக்கி நிமிர்த்தி வையுங்கள். அடியில் பிசுக்கு சேர்ந்தால் மேட்டே சறுக்கும். அடியில் வெற்றிடக் கப் உள்ள மேட் சொரசொரப்பான டைல்ஸில் பிடிக்காது.

கைப்பிடிக் கம்பி மாட்டுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கம்பி நன்றாக இருக்கும், பிடிமானம் இருக்காது. டைல்ஸ், அதன் பின்னால் கலவை, பூச்சு எல்லாம் சேர்த்தாலே 25 மில்லிமீட்டர் போய்விடும். கம்பியோடு வரும் சின்ன பிளாஸ்டிக் முளையும் ஸ்க்ரூவும் அந்தப் பூச்சிலேயே நின்றுவிடுகின்றன. செங்கலுக்குள் போவதே இல்லை. ஒருவர் முழு எடையோடு இழுக்கும் அன்று டைல்ஸோடு பிடுங்கிக்கொண்டு வரும். 75 மில்லிமீட்டருக்குக் குறையாத ஸ்டீல் ஆங்கர் கேளுங்கள், ஒவ்வொரு பக்கத் தட்டுக்கும் மூன்று. டைல்ஸில் துளை போடும்போது டிரில்லின் ஹேமரை அணைத்து, டைல்ஸ் பிட் வைத்து மெதுவாகப் போட வேண்டும். செங்கல் வந்ததும் ஹேமர் போடலாம். குழாய்க்கு நேர் மேலும் கீழும் துளைக்கக் கூடாது, சுவருக்குள் பைப் அந்த வழியில்தான் ஏறும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் நிற்காது. சுவரைத் தாண்டி போல்ட் விட்டு மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்குங்கள். மாட்டி முடித்ததும் வீட்டிலேயே கனமான ஆள் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்க்கட்டும். அசைந்தால் பிரித்து மறுபடி மாட்டுங்கள்.

கம்பியின் கனம் 32 முதல் 38 மில்லிமீட்டர், சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி 40 மில்லிமீட்டர். இடைவெளி அதிகமானால் வழுக்கும்போது முழங்கை உள்ளே சிக்கிக்கொள்ளும். வெஸ்டர்ன் கழிப்பறையில் உட்காரும் மட்டத்திலிருந்து 20 சென்டிமீட்டர் மேலே படுக்கையாக ஒன்று. இந்தியன் கழிப்பறையில் உட்கார்ந்த நிலையில் கைக்கு எட்டும் உயரத்தில் தொடங்கி இடுப்பு உயரம் வரை போகும் நெட்டுக் கம்பி வேண்டும், எழுவதற்கு அதுதான் தோது. முழங்கால் வலிக்காரர்களுக்காக இந்தியன் கழிப்பறையை உடைக்க முடியாத வீட்டில் மேலே வைக்கும் கமோட் ஸ்டூல் போதும், ஆனால் நான்கு காலும் சமமாக நிற்கிறதா பாருங்கள். துண்டு போடும் கம்பியையும் வாஷ் பேசினையும் பிடித்து எழ யாரையும் பழக்காதீர்கள். வெற்றிடக் கப் கைப்பிடி எடையைத் தாங்காது. அதை வாங்கவே வேண்டாம்.

கதவு வெளியே திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் உடம்பு கதவை அடைத்துக்கொண்டால் உள்பக்கம் திறக்கும் கதவால் உதவிக்குப் போக முடியாது. தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டுப் போடுங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு எரியட்டும். கழிப்பறை கொல்லையில் இருக்கும் வீட்டில் நடைபாதைக்குச் சென்சார் பல்ப். பாசி பிடித்த கொல்லைத் தரை பாத்ரூமை விட ஆபத்தானது.

மின்சாரத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாதது, கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். அது வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அமுக்குங்கள், உடனே விழ வேண்டும். எர்த் இல்லாத கீசரில் ஷாக் அடிக்க எலிமென்ட்டில் சின்ன விரிசல் போதும். இங்கே அக்னி நட்சத்திரக் காலத்தில் மண் காய்ந்து எர்த் குழியின் மின்தடை ஏறிவிடும். வாரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் குழியில் ஊற்றுங்கள். 2000 வாட் கீசர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் வேண்டும், சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு எந்த நிலையிலும் வேண்டாம். கேஸ் கீசர் இருந்தால் அது காற்றோட்டமான வெளிச்சுவரில் இருக்க வேண்டும். மூடிய பாத்ரூமில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயங்கிய பிறகும் தெரியாது.

கீசர் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரியில் வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைக்கும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் சீக்கிரம். வாளியில் எப்போதும் பச்சைத்தண்ணீர் முதலில், சுடுதண்ணீர் பிறகு. உப்புத் தண்ணீரில் எலிமென்ட் மேல் சுண்ணாம்பு ஏறி, சூடாக நேரம் பிடிக்கும், கரண்ட் பில் ஏறும். வருடத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து, கீசர் டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ஆனோடு தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், பிரஷர் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். மதுரை வெயிலுக்கு மார்கழி, தை தவிரப் பெரும்பாலான நாளில் கீசரே தேவையில்லை. சித்திரையில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரே கை வைக்க முடியாத சூட்டில் வரும். சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்குவதானால் உப்புத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகைதான் சரி. செம்புக் குழாய் வகையில் மெல்லிய பைப்புகள் சுண்ணாம்பில் அடைபடும்.

இனி தண்ணீர். கண்ணில் படாமல் போவது ஃபிளஷ் டேங்க் கசிவு. டேங்க்கில் துணிக்குப் போடும் நீலம் நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் அமுக்காமல் பாருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடி வாஷரில் சுண்ணாம்பு ஏறி மூடவில்லை. கழற்றிச் சிட்ரிக் ஆசிட் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் பல வாஷர்கள் பழையபடி மூடும். ஓரம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பழைய 10 லிட்டர் டேங்க்கில் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலை மூடி உள்ளே நிறுத்தலாம், மிதவையில் இடிக்கக் கூடாது. அதற்குப் பிறகு இரண்டு தடவை அமுக்க வேண்டி வந்தால் பாட்டிலை எடுத்துவிடுங்கள், அந்தக் கோப்பைக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டும். மாற்றுவதென்றால் 6 / 3 லிட்டர் இரட்டை ஃபிளஷ். விநாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளைக்கு ஏறத்தாழ 20 லிட்டரைத் தின்கிறது, ஒருவர் வாளிக் குளியல் அது. நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் ஷவரில் 5 நிமிடம் நின்றால் 50 லிட்டர். வாளியே நல்லது. ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் நிறைந்த வாளியைப் பாத்ரூமில் விட்டுவிட்டு வரவே கூடாது. தலைகீழாக விழும் குழந்தைக்கு ஓர் அடித் தண்ணீர் போதும். டிரம், வாளி விளிம்பைச் சனிக்கிழமைதோறும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது.

குளித்த தண்ணீரைச் செப்டிக் டேங்கில் விடாமல் தனிக் குழாயில் தோட்டத்துக்குத் திருப்பலாம். 90 சென்டிமீட்டர் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலக் குழி. அடியில் 40 மில்லிமீட்டர் ஜல்லி, அதன் மேல் 20 மில்லிமீட்டர் ஜல்லி, மேலே கொசுவலைத் துணி விரித்து 15 சென்டிமீட்டர் மணல். அதைச் சுற்றி வாழை. நான்கு பேர் வீட்டில் 80 முதல் 150 லிட்டர் வரும், கோடையில் ஒரு வாழை 15 முதல் 20 லிட்டர் குடிக்கும். கீரை, வெங்காயத்துக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம், கழிப்பறைத் தண்ணீரும் குழந்தைத் துணி அலசியதும் இதில் சேரக் கூடாது. டேங்க் கட்டிச் சேமிக்காதீர்கள், ஒரு நாளில் நாறும். வாழை இலை ஓரம் பழுப்பாகக் கருகினால் உப்பு அதிகம். அங்கே தென்னையோ கல்வாழையோ வையுங்கள், மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு மண்ணை அலசிக்கொள்ளுங்கள். மணலின் மேல் அடுக்கு சோப்பில் இறுகி, தண்ணீர் தேங்கத் தொடங்கினால் மேலே 5 சென்டிமீட்டரை வழித்தெடுத்துப் புது மணல் போட வேண்டும், இல்லையென்றால் அதுவே கொசுவுக்குக் குளமாகிவிடும். செப்டிக் டேங்க்கின் காற்றுப் போக்கிக் குழாய் முனையிலும் நைலான் வலை கட்டி, கிழிந்திருக்கிறதா என்று ஐப்பசி மழைக்கு முன் ஏறிப் பாருங்கள்.